கவிதாவுக்கு ஒரு லேப்டாப்

போன மாதம் சேலத்தில் ஒரு லேப்டாப் கடைக்குப் போயிருந்தேன். எனக்காக அல்ல. என் சித்தப்பா மகள் கவிதாவுக்காக. கூட வந்தவர் அவள் கணவர் செந்தில். சங்ககிரியில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். "இதைப் பத்தியெல்லாம் எழுதறீங்களே மச்சான், நீங்களே பாத்து எடுத்துக் குடுங்க" என்று கூப்பிட்டிருந்தார்.

கவிதா வீட்டு பிளான் வரைபவள். சுற்றுவட்டார இன்ஜினியர்கள் பலர் அவளிடம்தான் கொடுப்பார்கள். போன வருடம் மார்பில் புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன், கீமோ... அதற்குப் பிறகு வலது கை வீங்கிக்கொண்டது. கனம் தூக்கவே கூடாது. பழைய லேப்டாப்போ அம்மிக்கல் மாதிரி. அதுவும் திடீர் திடீரென்று அணைந்துபோகிறது.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார்.

"இது எல்லாமே நெட்டுலதாங்க. எதையும் உள்ள ஏத்த வேண்டியதில்ல. தூக்கிப் பாருங்க, வெயிட்டே இல்ல."

இன்னொன்று வழக்கமான ரகம். கனம். சூடாகும். ஆனால் எந்த சாஃப்ட்வேரையும் ஏற்றலாம்.

"பிளான் போடற சாஃப்ட்வேர்?" என்று கேட்டேன்.

"அதுக்கு இந்தக் கனமானதுதாங்க. லேசானதுல அது ஏறாதுங்க."

அப்புறம் என்ன... முடிவாகிவிட்டதே! நான் கனமானதைக் காட்டினேன். செந்தில் லேசானதைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை.

"இதே போதுங்க மச்சான். படம் பாத்துக்குவா. ஹாஸ்டல்ல இருக்கற புள்ளகூட வீடியோல பேசுவா."

"வேலை?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இனி எங்கீங்க வேலை... ஈரலுக்கும் பரவிருச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. அவகிட்ட இன்னும் சொல்லல. நீங்களும் சொல்லிறாதீங்க."

லேசானதையே வாங்கினோம்.

வீட்டில் கவிதா ஆசையாகப் பிரித்தாள். இடது கையாலேயே தூக்கிப் பார்த்தாள். "அட, பஞ்சாட்டம் இருக்குதுங்ணா!"

ஆன் செய்தாள். எதையோ தேடினாள். மறுபடியும் தேடினாள்.

"ஏனுங்க, இதுல என்னோட சாஃப்ட்வேர் ஏறாதே. கடைக்காரரு சொல்லலீங்களா?"

"சொன்னாரு" என்றார் செந்தில். பொய் சொல்லிப் பழகாத மனிதர்.

"தெரிஞ்சேதான் வாங்குனீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் பெட்டியில் இருந்த தெர்மாகோலைச் சரி செய்துகொண்டிருந்தேன்.

மெதுவாக மூடியைச் சாத்தினாள்.

"டாக்டர் என்ன சொன்னாருங்க?"

செந்தில் கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். அவள் அழவில்லை... அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

அப்புறம் சொன்னாள். "நாளைக்குப் போயி இதைக் குடுத்துட்டு அந்தக் கனமானதை வாங்கிட்டு வாங்க."

"கை வீங்குமே சாமி."

"நீங்க தூக்கி வையுங்க."

கடையில் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது தினமும் பட்டறைக்குக் கிளம்புமுன் செந்தில் அதைக் கட்டிலோரத்து மேஜையில் எடுத்து வைக்கிறார். மத்தியானம் வந்து எடுத்து உள்ளே வைக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். திரையில் ஒரு பிளான்; மோகனூரில் யாரோ கட்டப்போகிற வீடு. சமையலறை ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்று போனில் இன்ஜினியரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் வரைகிறாள். களைத்துப் படுத்துவிடுகிறாள். மறுபடி எழுகிறாள். டாக்டர் சொன்னதில் எந்த மாற்றமும் இல்லை. அந்த வீட்டின் சுவர் எழும்புவதை அவள் பார்ப்பாளா? தெரியாது. அவளுக்கும் அது தெரியும்.

'எந்த லேப்டாப் வாங்கலாம்?' என்று அடிக்கடி கேட்டு எழுதுகிறீர்கள். எடை, சார்ஜ், ஸ்கிரீன் எல்லாவற்றையும் கடைக்காரரே சொல்லிவிடுவார். நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது —

யாருக்கு வாங்குகிறீர்களோ, அவரையும் கடைக்குக் கூட்டிப்போங்கள்.