காளைக்கு முன்னால் மாசானம்

சென்னையில் ஓவியம் படிக்கும் மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். நேற்று போனில் ஒரு படத்தை நீட்டினாள். ஸ்பெயின் நாட்டுப் பழைய ஓவியம். காளையின் கொம்பில் ஒருவன் தொங்குகிறான். சுற்றிலும் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது.

“ஒரு காலத்துல பெரிய பெரிய ஆர்ட்டிஸ்ட்டெல்லாம் இதத்தான் வரைஞ்சாங்கப்பா. இப்ப அந்த ஊர்லயே நெறைய பேரு காளைச் சண்ட வேண்டாங்காங்க” என்றாள்.

எனக்கோ மூக்கில் பெயிண்டில் கலக்கும் டர்பன்டைன் வாடை ஏறிவிட்டது.

அப்போது நான் ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜில் மேனேஜர். பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள், அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வருகிறவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கிற ஆள், அவ்வளவுதான். முதலாளியின் மச்சினர் கப்பலில் வேலை பார்த்தவர். ஸ்பெயினிலிருந்து ஒரு போஸ்டர் கொண்டுவந்தார். சிவப்புத் துணியும் ஜரிகைச் சட்டையுமாக ஒருவன், எதிரே கறுப்புக் காளை. அவனை நான் சர்க்கஸ்காரன் என்றே நினைத்தேன். அதை வரவேற்பறைச் சுவரில் பெரிதாக வரைய, இலஞ்சியிலிருந்து பெயிண்டர் சுடலைமுத்துவைக் கூட்டிவந்தார்கள்.

காளையை இரண்டே நாளில் முடித்துவிட்டான். ஆளின் முகத்துக்கு ஒரு வாரம் ஆனது. முடிந்தபோது அது போஸ்டர்காரன் முகமில்லை.

“யாரு இது?” என்றேன்.

“எந் தம்பி மாசானம். மதுரப் பக்கம் மஞ்சுவிரட்டு பாக்கப் போனான். பாக்கத்தான் சார் போனான். மாடு வயித்துல குத்திட்டு. போய்ச் சேந்துட்டான்.” பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே சொன்னான். “இங்கனயாவது காளைக்கு முன்னால நிக்கட்டும்.”

மறுநாள் அவன் அம்மா வந்தாள். படத்திலிருந்த மகனின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். பிறகு தினமும் வந்தாள். சில நாள் வாய்விட்டு அழுதாள். சாரல் தொடங்கிக் கூட்டம் வந்தது; குடும்பத்தோடு வந்த சிலர் அழுகையைக் கேட்டு ரூம் வேண்டாமென்று திரும்பினார்கள்.

“குளிக்க வாரவன் ஒப்பாரி கேக்கவா வருதான்? அழிச்சிருலே” என்றார் முதலாளி.

சுடலைமுத்துவிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நானே வெள்ளைப் பெயிண்ட் அடித்தேன். ஒரு கோட்டிங்கில் முகம் மறையவில்லை, உள்ளிருந்து பார்த்தது. இரண்டாவதும் அடித்தேன்.

அடுத்த நாள் வந்தவள் வெள்ளைச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“ஐயா, எம்பிள்ளைய எங்கன வச்சிருக்கிய?”

நான் குனிந்து சாவிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மாசானத்தை ஒருமுறைகூடப் போட்டோ எடுத்ததில்லை என்பது சுடலைமுத்து வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவன் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

லாட்ஜை இடித்துவிட்டார்கள். அந்த அம்மாவும் இல்லை, சுடலைமுத்துவும் இல்லை. நேற்று மகளின் நோட்டில் அந்தச் சுவர்ப் படத்தை வரைந்து காட்டப் பார்த்தேன். கொம்பு வந்தது. காளையின் கண் வந்தது. ஜரிகைச் சட்டைகூட வந்தது. முகம் மட்டும் வரவில்லை.