கடற்கரை வீட்டில் ஒரு சைவம்

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். கணவர், அவருடைய அம்மா, நான். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. பெரிய கப்பல்களை இழுத்து வந்து தளத்தில் சேர்க்கிற டக் படகில் எஞ்சின் பார்க்கிறார். நான் கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவள். மாமியாரை மாமி என்றுதான் கூப்பிடுவேன். பரம்பரையாகக் கடலை நம்பியிருந்த குடும்பம். வீட்டில் மீன் இல்லாத நாளை மாமி உபவாசக் கணக்கில்தான் சேர்ப்பார்.

இப்படிப்பட்ட வீட்டில் நான் மீனும் கறியும் சாப்பிடுவதை நிறுத்தினேன். பெரிய ஞானம் ஒன்றும் வந்துவிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை திரேஸ்புரம் கடற்கரையிலிருந்து கணவர் நண்டு வாங்கி வந்தார். எல்லாம் உயிரோடு இருந்தன. தொட்டியில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒன்று என் நைட்டியின் கையைப் பிடித்துக்கொண்டது. உதறினேன், விடவில்லை. பிய்த்து எடுத்துச் சட்டியில் போடுவது எனக்குப் புதிதில்லை. பிறந்ததிலிருந்து எத்தனையோ நண்டு உடைத்திருக்கிறேன். அன்றைக்கு என்னவோ, விழாமல் இருக்கத்தான் அது என்னைப் பிடித்திருக்கிறது என்று தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு கை ஓடவில்லை.

மாமி வந்து பார்த்தார். "என்னளா, நண்டும் நீயும் பேசிக்கிட்டு நிக்கிய?" என்று ஒரே இழுப்பில் அதை எடுத்துவிட்டார். நண்டு குழம்பாகிவிட்டது. அவர்கள் இருவரும் ஓடு நொறுங்க நொறுங்கச் சாப்பிட்டார்கள். நான் ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன். மறுநாள் சாளை மீன் பொரித்தோம். அதையும் எடுக்கவில்லை. அந்த வாரக் கடைசியில்தான் மாமி கேட்டார்.

"தவசு காலம் முடிஞ்சு, ஈஸ்டரும் போயி எவ்வளவு நாளாச்சு. இப்போ எதுக்குக் கறிமீன விட்டு ஒறுத்தல் புடிக்க?"

"ஒறுத்தல் இல்ல மாமி. சைவமா இருந்து பாக்கலாம்னு நெனைக்கேன்."

மாமி உட்கார்ந்துவிட்டார். "ஏளா, ஆண்டவரே மீன் சாப்பிட்டவரு. அம்புட்டு சனம் பசியோட இருந்தப்போ அப்பமும் மீனும்தான் குடுத்தாரு. சாம்பாரா குடுத்தாரு?"

கணவர் தட்டைப் பார்த்தபடியே சிரித்துக்கொண்டிருந்தார்.

இதற்கெல்லாம் நடுவில் வீட்டுக்கு மீன் சமைப்பது நான்தான். அலுவலகம் போகும் முன்பே குழம்பு வைத்துவிட வேண்டும். சமைப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, உப்புப் பார்ப்பதுதான் சிக்கல். நாக்கில் ஒரு சொட்டு வைக்கலாமா கூடாதா என்று நானே என்னோடு விவாதம் நடத்தினேன். முடிவில், கன்னத்தில் பாதி சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்த கணவரை அடுப்படிக்குக் கூப்பிட்டேன். அவர் கரண்டியை நக்கி, கண்ணை மூடி, "இன்னும் கொஞ்சம் புளி" என்றார். அதற்கப்புறம் அது தினசரி வேலையாகிவிட்டது. உப்புப் பார்க்கிறேன் என்று ஒரு துண்டு மீனையும் உள்ளே தள்ளிவிட்டுப் போவார். அவரைப் பொறுத்தவரை என் சைவத்தால் வந்த முதல் லாபம் அது.

அலுவலகத்தில் எனக்கு ஆதரவு கிடைக்கும் என்று நம்பினேன். ஆத்தூர்க்காரர் ஒருவர் எங்களோடு வேலை பார்க்கிறார், பிறவியிலேயே சைவம். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் அழைப்போம். செய்தியைக் கேட்டதும் முகமெல்லாம் மலர, அவருடைய வீட்டு அவியலில் பாதியை என் டப்பாவில் போட்டார். கூடவே விசாரணையும் தொடங்கிவிட்டது.

"முட்டை?"

"இல்ல அண்ணாச்சி."

"கேக்கு?"

"முட்டை போட்டா வேண்டாம்."

அண்ணாச்சி திருப்தியாகத் தலையாட்டி, மேசை டிராயரிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினார். மக்ரூன். எங்கள் ஊர் பேக்கரிகளில் முந்திரியும் சீனியும் போட்டுச் செய்கிற, வாயில் வைத்தால் கரைந்துபோகிற வெள்ளைக் கூம்பு. சாயங்காலத் தேநீரோடு அது இல்லாமல் அவருக்கு ஓடாது.

"அண்ணாச்சி, இது முட்டை வெள்ளைக்கருவ அடிச்சுத்தானே செய்யுதாங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "மஞ்சக்கருதாம்மா அசைவம்" என்று சொல்லி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். மொத்த அலுவலகமும் சிரித்தது. அவரும் சிரித்தார், பொட்டலத்தை மட்டும் மூடவில்லை.

எங்கள் அலுவலகத்தில் மூத்தவர் காயல்பட்டினத்துக்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள், எங்களுக்கும் அவர் காக்காதான். அவருடைய மகளின் கல்யாணம் வந்தது. காயல்பட்டினத்துக் கல்யாணச் சாப்பாடு எங்கள் பக்கம் பேர்போனது. போன தடவை அவர் வீட்டு விசேஷத்தில் நான் சாப்பிட்டதை அவர் மறந்திருக்க மாட்டார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கென்னம்மா, நீங்க வாங்க. பட்டினியா அனுப்ப மாட்டோம்" என்றார்.

பெண்கள் பகுதியில் பாய் விரித்திருந்தார்கள். சஹன் என்கிற பெரிய தட்டில் சோற்றைக் குவித்து வைப்பார்கள். மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். என்னோடு உட்கார்ந்தவர்கள் அக்காவும் தங்கையும். இருவரும் எனக்குப் பழக்கமில்லை. நடுவில் கறி வந்து விழுந்தது. நெய்யும் மசாலாவும் சேர்ந்த அந்த மணத்தில் என் மனம் ஆடியது உண்மை. நான் என் ஓரத்துச் சோற்றை ஒதுக்கிக்கொண்டு, "நான் கறி சாப்பிட மாட்டேன், நீங்க எடுத்துக்கோங்க" என்றேன்.

அக்கா பதறிப்போனார். "ஒடம்புக்கு முடியலையா?"

"இல்ல, விட்டுட்டேன்."

"எப்பவுமேயா?"

"அப்படித்தான் நெனைச்சிருக்கேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சங்கடப்படுத்திவிட்டோமே என்று நான் நினைக்கும் முன்பே தங்கை என் பங்குக் கறியைச் சரிபாதியாகப் பிரித்துவிட்டாள். அக்கா எழுந்துபோய், கத்திரிக்காயும் மாங்காயும் போட்ட கூட்டை ஒரு கிண்ணம் நிறைய வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். பருப்பும் வந்தது. புளிப்பும் இனிப்புமாக அந்தக் கத்திரிக்காயைப் போல நான் இதுவரை சாப்பிட்டதில்லை. இத்தனை வருடம் கறிக்குப் பக்கத்தில் இருந்ததால் அதைக் கவனிக்காமலே விட்டிருக்கிறேன். கை கழுவும்போது தங்கை சொன்னாள்:

"அடுத்த மாசம் எங்க சாச்சி மகளுக்குக் கல்யாணம். நீங்க அவசியம் வரணும். எங்க சஹன்லதான் ஒக்காரணும்."

எல்லா நாளும் இப்படிச் சுலபமாகப் போனது என்று சொல்ல மாட்டேன். மழை பெய்கிற நாளில் பக்கத்து வீட்டில் கருவாடு சுட்டால் ஜன்னலைச் சாத்திவிடுவேன். சீலா மீன் பொரிக்கிற சத்தம் கேட்டாலே வயிறு ஏதோ கேட்கும். மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்து எனக்கு அருவருப்பும் வரவில்லை, அவர்களைத் திருத்தவும் தோன்றவில்லை. கடல் சோறு போட்ட வீட்டில் நின்றுகொண்டு மீன் தின்பது பாவம் என்று நான் எந்த வாயால் சொல்வது? எனக்கு வேண்டாம் என்பதோடு என் கொள்கை முடிந்துவிடுகிறது. மாமிக்குத்தான் அது பிடிபடவில்லை. நான் மெலிந்துகொண்டே போவதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். என் எடை கூடியிருந்தது எனக்கும் தையல்காரருக்கும் மட்டும்தான் தெரியும்.

இந்த வருட ஈஸ்டருக்கு மாமியின் தங்கை குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். காலையில் நான் மாதா கோவிலிலிருந்து திரும்பியபோது மாமி என்னை அடுப்படிக்குள் விடவில்லை. கறி கொதிக்கிற மணம் வந்தது. வேறு ஏதோ எண்ணெயில் பொரிகிற சத்தமும் கேட்டது. பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. வாழைக்காயைச் சீலாத் துண்டு மாதிரி சாய்வாக, கனமாக வெட்டி, மீனுக்குப் போடுகிற அதே மசாலாவைத் தடவித் தனிச்சட்டியில் பொரித்திருக்கிறார். அதில் இரண்டை என் இலையில் வைத்தார்.

மீதி வாழைக்காய் இருந்த தட்டை என் பக்கத்தில் வைத்துவிட்டு மாமி சோறு எடுக்க உள்ளே போனார். அந்த நேரத்தில் அவர் தங்கை கையை நீட்டி இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். கடித்தார், மென்றார், இன்னொன்று எடுத்தார்.

"இது என்ன மீனுளா? முள்ளே இல்ல?"

கணவருக்குப் புரையேறிவிட்டது. மாமி திரும்பி வருவதற்குள் தட்டு பாதி காலி. கணவரும் ரகசியமாக எடுத்திருக்கிறார்.

"கறி அம்புட்டும் சட்டில கெடக்கு, அவ பங்கையா திங்கிய?" என்று மாமி கத்தினார். கத்திக்கொண்டே ஒரு துண்டை வாயில் போட்டு மென்று, முகத்தை யோசனையாக வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் உப்பு கூடிட்டோ?"

"சரியாத்தான் இருக்கு மாமி" என்றேன். அவர் உள்ளே போய் இன்னொரு வாழைக்காயைத் தோல் சீவத் தொடங்கினார்.