மாறுகண்ணுக்கு எந்த அமைச்சகம்?

காளவாசலில் இருந்த எம்.பி. அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். மனு வாங்குவது, கடிதம் அடிப்பது, நாடாளுமன்றக் கேள்விகளுக்கு நோட்டீஸ் தயார் செய்வது என் வேலை. எந்தப் பிரச்சினை எந்த அமைச்சகத்துக்குப் போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கடைசி வருடம் கீதா வந்தாள். எல்லாம் குழம்பிவிட்டது.

பக்கத்துக் கோச்சடையைச் சேர்ந்த பெண். ஒரு தனியார் கம்பெனியின் வேலைத் தேர்வை வீட்டிலிருந்தே லேப்டாப்பில் எழுதியிருக்கிறாள். கேமரா வழியாகக் கண்காணித்தது ஏ.ஐ. பாதித் தேர்வில் திரை மூடிக்கொண்டது. ‘பார்வை திரையை விட்டு விலகியது, முறைகேடு’ என்று மெயில். இரண்டு வருடம் தடை.

“என் கண்ணப் பாருங்க சார்,” என்றாள். இடது கண் பிறவியிலேயே மாறுகண். “நான் ஸ்கிரீனத்தான் பாத்தேன். எம்புட்டோ மெயில் போட்டுட்டேன். ஒரே பதிலே திரும்பத் திரும்ப வருது.”

நோட்டீஸ் எழுத உட்கார்ந்தேன். இது ஐ.டி.யா, தொழிலாளர் துறையா, மாற்றுத்திறனாளிகள் துறையா? டெல்லியிலிருந்த எம்.பி.யிடம் போனில் கேட்டேன்.

“எதுக்குண்ணே இம்புட்டு யோசனை? ஐ.டி.க்கே போடுங்க,” என்றார்.

போட்டேன். தனிநபர் விவகாரத்தைக் கேள்வியாகக் கேட்க முடியாது என்று நாடாளுமன்றச் செயலகத்திலிருந்து திரும்பி வந்தது. கீதாவின் பெயரை எடுத்தேன். பிறகு மாறுகண்ணையும் எடுத்தேன். ‘ஏ.ஐ. கண்காணிப்பால் பாதிக்கப்படுவோருக்கு என்ன பாதுகாப்பு?’ என்று பொதுவாக மாற்றினேன். அனுமதி கிடைத்தது. இரண்டு பக்கத்தில் பதிலும் வந்தது: குழு, வழிகாட்டு நெறிமுறை, பரிசீலனை.

கீதா அதை இரண்டு முறை படித்தாள். “இதுல நான் எங்க சார் இருக்கேன்?”

அன்றே எம்.பி.யின் லெட்டர்ஹெட்டில் அந்தக் கம்பெனிக்கு எழுதி, ஊருக்கு வந்திருந்த அவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். இரண்டே வரி: ‘இந்தப் பெண்ணின் வீடியோவை மனிதர் யாராவது பார்த்தாரா? பார்த்தவர் பெயர் என்ன?’

ஆறாம் நாள் கீதா போன் செய்தாள். “தடைய எடுத்துட்டாங்க சார்! மறுபடி எழுதலாமாம். ஆனா யாரு பாத்தாங்கன்னு போடலையே?”

கீதா எழுதினாள், தேறினாள். வீடியோவை மனிதர் ஒருவர் பார்த்தாரா, லெட்டர்ஹெட்டைப் பார்த்து மிரண்டு தடையை எடுத்தார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எம்.பி. கடிதம் கிடைக்காதவர்கள் எத்தனை பேரோ, அதுவும் தெரியாது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மனுவை வாங்கியதும், முடிவெடுத்தது யார் என்று முதலில் கேளுங்கள். பெயர் கிடைக்கவில்லை என்றால் அதுதான் கேள்வி. சபையில் அனுமதி கிடைக்க வேண்டும் என்பதற்காக நான் கேள்வியிலிருந்து அந்தக் கண்ணை எடுத்துவிட்டேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். செய்யாமல் அனுமதி வாங்குவது எப்படி என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.