சயாமுக்குச் சொல்லி அனுப்பிய செய்தி

ஜப்பானியர் வந்த இரண்டாம் வருடம், நெகிரி செம்பிலானில் லாபு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட நிறையவில்லை. நான் கண்ணால் பார்த்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் கலக்காமல் எழுத முயல்கிறேன்.

வெள்ளைக்கார துரை போய்விட்டார். பால்வெட்டு ஏறக்குறைய நின்றுவிட்டது. ரப்பர் மரங்களைச் சாய்த்த இடத்தில் மரவள்ளி நட்டோம். மூன்று வேளையும் அதுதான் சாப்பாடு. அரிசிப் பஞ்சத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது துணிப் பஞ்சம். இருந்த ரவிக்கைகள் கிழிந்துபோக, கோணிச் சாக்கில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டு உடுத்திக்கொண்டிருந்தேன். முழுக்கை வைத்த ரவிக்கை ஒன்று இருந்திருந்தால் என் கைகளை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கைகளில் கன்றல்கள் வந்துகொண்டிருந்தன. கருநீலமாக, உள்ளங்கை அகலத்துக்கு. பிறகு தொடையில், விலாவில். எங்கே இடித்துக்கொண்டேன் என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வராது. காலையில் வாய் கொப்பளித்தால் ஈறிலிருந்து ரத்தம் வரும். முழங்காலுக்குக் கீழே கடுகை இறைத்த மாதிரி சிவப்புப் புள்ளிகள். வலி என்று பெரிதாக இல்லை. சொறி, புண், கால் வீக்கம் என்று ஆளுக்கொரு நோவு இருந்த காலம். எனக்கு இது என்று விட்டுவிட்டேன்.

தோட்டத்துக் குடியிருப்பு வரிசையான லயத்தில் விடவில்லை. கேட்டவர்களிடம், வேறு காரணம் தெரியாமல், கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லிவந்தேன். குழாயடியில் ஒருத்தி, "தெனம் கதவுல இடிச்சுக்கிட்டேங்கிறியே, ஒங்க காம்பராவுல எத்தன கதவுடி?" என்று கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒற்றை அறை. அதைத்தான் காம்பரா என்போம். அதற்குக் கதவு ஒன்றுதான்.

என் கணவர் சாது என்று சொல்ல மாட்டேன். உரத்த குரல். கோபம் வந்தால் கையில் இருப்பதை வீசுவார். ஒருமுறை மண்சட்டியைச் சுவரில் எறிந்து உடைத்தார். லயத்துச் சுவர்கள் கூரைவரை எட்டாதவை. ஒரு காம்பராவில் சட்டி உடைந்தால் கடைசிக் காம்பராவரை கேட்கும். ஆனால் என் மேல் அவர் கை வைத்ததே இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் அதைச் சொன்னேன். அடுத்த காம்பராவில் இருந்த அக்காவிடம்தான் அதிகம் சொன்னேன். அக்கா சொந்தமில்லை. புருஷனை இழந்தவர், பிள்ளை இல்லை. தன் பங்கு மரவள்ளியில் பாதியை எனக்குத் தள்ளிவிடுவார்.

"நானும் எம் புருசன் சாவுறவரைக்கும் இதத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன், புள்ள," என்றார் அக்கா. "பாசி வழுக்கிடுச்சு, வெறகு பட்டுருச்சுன்னு. எங்கிட்ட நீ மறைக்க வேணாம்."

அடி வாங்கிய பெண்கள் எல்லோரும் சொல்லிவந்த அதே வார்த்தைகளில்தான் என் உண்மையும் இருந்தது. அதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

என் கணவருக்கு மலேரியா விட்டு விட்டு வந்தது. கொய்னா மாத்திரை கண்ணில் காணக் கிடைக்கவில்லை. காய்ச்சல் ஏறினால் பிதற்றுவார். கையையும் காலையும் வீசுவார். தெளிந்தபின் எதுவும் நினைவிருக்காது. ஒருநாள் காலை தண்ணீர் கொடுக்கப் போனேன். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கன்றலின் மேல் விரலை வைத்தும் வைக்காமலும் தடவினார்.

"காய்ச்சல்ல நான் ஒன்ன அடிக்கிறேனா, புள்ள?"

இல்லை என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முதல் வாசலில் சாக்கை விரித்துப் படுத்தார். கேட்டால், உள்ளே புழுக்கம் என்றார். சண்டை முற்றிப்போய்த்தான் வெளியே படுக்கிறான் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

அதே வாரம், சயாமில், அதாவது தாய்லாந்தில், ரயில் பாதை போடத் தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று உத்தரவு வந்தது. தோட்டக் குமாஸ்தாவான கிராணி, ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியிடம் சொல்ல, கங்காணி லயத்தாரைக் கூட்டினார். மூன்று மாத வேலை, சம்பளம் உண்டு, அரிசிச் சோறு உண்டு, முடிந்ததும் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்றார். நாங்கள் அதை நம்பினோம், சொன்ன கங்காணியும் நம்பினார். கல்யாணமாகாதவர்கள் முதலில் பேர் கொடுத்தார்கள். எங்கள் லயத்தில் ஒரு ஆள் குறைந்தது.

அக்காதான் எழுந்து பேசினார். "இவன அனுப்புங்க, கங்காணி. மூணு மாசமாவது இந்தப் புள்ள ஒடம்பு ஆறட்டும்."

பெண்கள் பலர் ஆமாம் என்றார்கள். என்மேல் இருந்த இரக்கத்தில்தான் சொன்னார்கள். கங்காணியும் கெட்டவர் அல்ல. நேராக என் கணவரைப் பார்த்து, பெண்டாட்டியை அடிக்கிறாயா என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "இல்லீங்க, அவரு அடிக்கலீங்க," என்றேன்.

"நீ சும்மா இரும்மா. ஒனக்குப் பயம் இருக்கும்," என்றார் கங்காணி, இதமாகத்தான்.

என் கணவர் தலை குனிந்து நின்றார். வழக்கமாக இப்படிக் கேட்டவரைச் சும்மா விட மாட்டார். அன்று குரல் எழும்பவே இல்லை.

"எனக்குத் தெரியலீங்க. காய்ச்சல்ல என்ன செய்யறேன்னு எனக்கே தெரியல. நான் போறேன்."

"அதான் ஒத்துக்கிட்டானே," என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். அதோடு கூட்டம் முடிந்தது.

மறுநாள் லோரி வந்தது. அவர் என்னைத் தொடாமல், இரண்டடி தள்ளி நின்று பேசினார். உடம்பைப் பார்த்துக்கொள், இது தெளிந்ததும் வருகிறேன் என்றார். இது என்று அவர் சொன்னது காய்ச்சலையா, தன் கைகளையா என்று எனக்குத் தெரியாது.

அக்கா என்னைத் தன் காம்பராவுக்கே கூட்டிக்கொண்டு போனார். பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டார். தண்ணீர்க்குடம்கூடத் தூக்கவிடவில்லை. பழைய கன்றல்கள் மஞ்சளாகி மறைந்துவந்தபோது, "பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மாதம் ஒரு காலை, வாசலில் உட்காரவைத்து எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். பின்கழுத்திலிருந்து முடியை ஒதுக்கியவர் சீப்பை நிறுத்திவிட்டார். சாக்கைத் தோளிலிருந்து விலக்கினார். கழுத்திலிருந்து தோள்பட்டைவரை புதிதாக ஒரு கன்றல், நாவற்பழ நிறத்தில். நான் பார்க்கவில்லை, பிறகு அவர் சொன்னது.

"எங்கயாச்சும் இடிச்சுக்கிட்டியா?"

"இல்லக்கா."

இந்த 'இல்லை'யை எத்தனையோ முறை அவரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது அவர் காதில் விழுந்தது. பாதி வாரிய தலையை அப்படியே முடிந்துவிட்டார். பிறகு என்னைக் கிளப்பிக்கொண்டு, சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்குப் பொதுவாக இருந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

அங்கே வெள்ளைக்கார டாக்டர் இல்லை. மருந்தலமாரி காலி. மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கும் அறையில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் மட்டும் தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தார். என் கையையும் காலையும் பார்த்தார். யார் அடித்தது என்று அவர் கேட்கவில்லை. ஈறில் ரத்தம் வருமா, மாதவிலக்கு அதிகமா என்று கேட்டார். நான் சொல்ல வாயெடுத்தபோது அழுகை வந்துவிட்டது.

காது மடலில் ஊசியால் ஒரு குத்துக் குத்தினார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, மையொற்றும் தாளின் ஓரத்தால் ரத்தத்தைத் தொட்டுத் தொட்டு எடுத்தார். ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு சிவப்புப் பொட்டு. சாதாரணமாகப் பொட்டுகள் சிறிதாகிக்கொண்டே போய் நின்றுவிடும் என்றார். என்னுடையவை சிறிதாகவில்லை. தாளின் ஒரு ஓரம் முடிந்து மறு ஓரத்துக்குத் திரும்பினார்.

அக்கா தன் காதைக் காட்டினார். "எனக்கும் குத்துங்கய்யா. எப்படி நிக்குதுன்னு நான் பாக்கணும்."

அவர் மறுக்கவில்லை. அக்காவின் பொட்டுகள் மிளகளவு, கடுகளவு என்று சுருங்கி, ஒரு வரிசைகூட நிறையாமல் நின்றுவிட்டன. இரண்டு தாள்களும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

பிறகு எங்கள் ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லுகளில் தடவிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தார். அக்காவுடையதை என்னைப் பார்க்கச் சொன்னார். வட்ட வட்டமான சிவப்பணுக்களுக்கு நடுவே ஊதாப் பொடி தூவியதுபோல் சிறு கூட்டங்கள். என்னுடையதைப் பார்த்தேன். வட்டங்கள் இருந்தன, பொடி இல்லை. அவர் கண்ணாடியை நகர்த்தினார், மறுபடி நகர்த்தினார், வெகுநேரம் தேடி ஒன்றைக் காட்டினார்.

"உம்மை ஒருத்தரும் அடிக்கேல்லை, பிள்ளை. ரத்தத்தை நிப்பாட்டுறது இந்த ஊதாப் பொடிதான். அது உமக்கு இல்லையெண்டே சொல்லலாம். தொட்டால் போதும், சில நேரம் தொடாமலே ரத்தம் கண்டிப்போகும். ஏன் இப்பிடிக் குறைஞ்சதெண்டு எனக்குத் தெரியாது," என்றார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவன்?" என்றார்.



திரும்பி வந்ததும் அக்கா நேராகக் கங்காணியிடம் போனார். கங்காணி கிராணியிடம் போனார். ரயில் எப்போதோ எல்லையைத் தாண்டிவிட்டது, இனிப் பெயரை எடுக்க யாராலும் முடியாது என்று பதில் வந்தது. அதை எங்களிடம் சொல்ல வந்த கங்காணி தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். உட்காரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அக்காமேல் கோபம் வரவில்லையா என்று பின்னாளில் என்னைக் கேட்டவர்கள் உண்டு. வந்தது. மாதக்கணக்கில் ஒரே அறையில், ஒரே அடுப்பில், எதிரெதிரே உட்கார்ந்து மரவள்ளி உரித்தோம், பேசவில்லை. எனக்கும் அவருக்கும் போக வேறு இடமில்லை. ஒருமுறை மூக்கில் ரத்தம் வந்து நிற்காமல் நான் மயங்கிக் கிடந்தேன். விழித்தபோது என் தலை அவர் மடியில் இருந்தது. அதற்குப் பிறகுதான் பேசினேன்.

சயாமுக்கு இரண்டாம் முறையும் ஆள் கேட்டார்கள். போனவர்களில் கீழ் லயத்து அண்ணன் ஒருவர் என் கணவரோடு பால்வெட்டியவர். லோரி புறப்படும் முன் அவரிடம் ஓடினேன். "அவருகிட்ட சொல்லுங்கண்ணே. இது என் ரத்தத்துல இருக்கிற நோவு. ஆஸ்பத்திரியில பாத்துட்டாங்க. அவரு அடிக்கல." அண்ணன் பாடம் ஒப்பிப்பதுபோல் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டு ஏறினார்.

ஜப்பானியர் சரணடைந்த பிறகு போனவர்களில் கொஞ்சம் பேர் திரும்பினார்கள். அந்த அண்ணன் குச்சிபோல் வந்து சேர்ந்தார். காலில் பெரிய புண். நானும் அக்காவும் போய்ப் பார்த்தோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பாத்தேன், தங்கச்சி. என்ன வேற கேம்ப்புக்கு மாத்துனாங்க, அங்க அவரு இருந்தாரு. மூங்கில் கொட்டாயில எல்லாரும் நெருக்கியடிச்சுப் படுப்போம். இவரு மட்டும் மழையில, வெளிய ஓரமா. தூக்கத்துல கைய வீசுவேன், கிட்ட வராதேன்னாரு. நீ சொன்னதச் சொன்னேன். காய்ச்சல் கொதிக்குது. சொல்லி முடிக்கறப்ப கண்ண மூடியிருந்தாரு. கேட்டுச்சான்னு தெரியல. மறுநா எங்கள வேற எடத்துக்கு ஓட்டிட்டாங்க. பெறகு அவரு தவறிட்டாருன்னாங்க."

கேட்டார், கேட்டுவிட்டுச் சிரித்தார் என்று ஒரு பொய்யை அவர் சொல்லியிருக்கலாம். நாங்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறோம் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். சொல்லவில்லை. அதனாலேயே அவர் சொன்ன மற்றதையெல்லாம் நம்புகிறேன். அக்கா திரும்பும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார், எங்கே கன்றிவிடுமோ என்று அழுத்தாமல்.

இதெல்லாம் நடந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. அக்காவும் இப்போது இல்லை. கோலாலம்பூரில் என் மண்ணீரலை எடுத்தார்கள், கன்றல்கள் குறைந்தன. ரத்தத் தட்டணுக்கள் என்று அந்த ஊதாப் பொடிக்குப் பெயர் சொன்னார்கள். நோய்க்கிருமியை எதிர்த்து உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே, சொந்தத் தட்டணுக்களை அந்நியமென்று எண்ணி அழித்துவிடுகிறதாம். டாக்டர்கள் ஆராய்ச்சிக்காக இன்னும் என் ரத்தத்தை அவ்வப்போது எடுத்துக்கொள்கிறார்கள். வேறொருவருடைய தட்டணுக்களோடு சேர்த்து வைத்து என்ன நடக்கிறது என்று பார்ப்பார்களாம். நான் ஒருமுறைகூட மறுத்ததில்லை. இந்த நோய் முதலில் எப்போது தெரியவந்தது, வீட்டில் யார் கவனித்தார்கள் என்று இளம் டாக்டர்கள் கேட்பார்கள். என் கணவர் கவனித்தார் என்று சொல்வேன், அவர்களும் எழுதிக்கொள்வார்கள். என் ரத்தத்தைப் பற்றி இத்தனை தெரிந்துவிட்டது, ஆனால் செய்யாத ஒன்றைத் தன் மேல் போட்டுக்கொண்டு போன மனிதருக்கு நான் அனுப்பிய சேதி காதில் விழுந்ததா என்பதை மட்டும் எந்தப் பரிசோதனையாலும் எனக்குச் சொல்ல முடியாது.