சித்தி நபீஸா கட்டாத மேல் வீடு

காத்தான்குடியில் மகளுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் இல்லை. இரண்டு மகள் என்றால் இரண்டு வீடு. வாவிக்கும் கடலுக்கும் நடுவே அத்தனைக்கு நிலம் ஏது? அதனால் மூத்தவளுக்குக் கீழ் வீடு, இளையவளுக்கு அதன் தலையில் மேல் வீடு. இது என்ன நியாயம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்களே வீட்டைச் சீதனமாக வாங்கியவர்கள்.

சித்தி நபீஸா கணவனை இழந்தபின் குவைத்துக்குப் போய், பிறர் வீட்டுத் தரையைத் துடைத்துத் தன் மகள்மாருக்கு வீடு கட்டினார். கட்டடம் எழுவதைத் தொலைபேசிப் படங்களில்தான் பார்த்தார். தரை ஓட்டின் நிறம், யன்னல் கம்பியின் பூ வேலை எல்லாவற்றையும் விசாரித்துத் தெரிவு செய்தார். மணல் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கவில்லை. படத்தில் எல்லா மணலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அவர் ஊர் திரும்பியபோது மூத்தவள் ரிப்கா கணவனோடும் கைக்குழந்தையோடும் கீழே குடியிருந்தாள். இளையவள் நஸ்ஹாவுக்குச் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. மேல் வீட்டுச் சுவர் எழும்புவதுதான் மிச்சம். அந்த மாரியில், கொங்கிறீற்றுக் கூரைத் தட்டிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து குழந்தையின் ஏணைத் தொட்டிலுக்குள் விழுந்தது. குழந்தை அப்போது ரிப்காவின் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது.

கண்ணூறு என்றார்கள் அயலவர்கள். ஓதிய தண்ணீர் மூலை மூலையாகத் தெளிக்கப்பட்டது. வீட்டைக் கட்டிய மேசன் வந்து சாந்து பூசி, மேலே தீந்தைச் சாயம் அடித்துவிட்டுப் போனான். தண்ணீரும் தீந்தையும் ஒரே வேலையைத்தான் செய்தன. பார்க்க வேண்டியதைப் பார்க்கவிடாமல் மறைத்தன. சில கிழமைகள் கழிந்ததும் புதுத் தீந்தைக்குள்ளிருந்து துருக்கறை வரிவரியாக இறங்கியது. அதன் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்தது. நபீஸா மேசையில் ஏறி அதை விரலால் வழித்து நாக்கில் வைத்தார். உப்பு.

மட்டக்களப்பு நகரிலிருந்து மதுரன் என்ற கட்டடப் பொறியியலாளரை அழைத்து வந்தார். அவர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். பல இடங்களில் வெறும்பானைச் சத்தம் கேட்டது. கழுவாத கடற்கரை மணல் என்றார். அதிலிருக்கும் உப்பு உள்ளே கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு வீங்கிக் கொங்கிறீற்றை வெடிக்க வைக்கும். மேலே எதைப் பூசினாலும் பயனில்லை. தட்டுக்கு முட்டுக் கொடுத்து ஆட்களை வெளியேற்றுங்கள், உடைத்தெடுத்துவிட்டுப் பாரமில்லாத தகரக் கூரை போடுங்கள் என்றார். சுவரும் தூணும் அதைத் தாங்கும், இன்னொரு வீட்டைத் தாங்காது.

கேள்விப்பட்டு, நஸ்ஹாவுக்குப் பேசிய மாப்பிள்ளையின் தாய் ஆயிஷா உம்மா வந்தார். கெட்டவர் அல்லர்; தன் மகளுக்கு வீடு கட்டித் தேய்ந்தவர்தான். கீழே சீலிங் அடித்தால் வெடிப்புத் தெரியாது என்று யோசனை சொன்னார்.

"ஊருக்கு முன்னால மேல் வீடு இரிக்கணும் நபீஸா. என்ட மகன் எங்க வந்து இரிக்கிற?"

"கீழ என்ட ஒரு புள்ள இரிக்கா. அவக்கு மேல மத்தப் புள்ளய வெக்கச் சொல்றீங்க," என்றார் நபீஸா. "எந்தப் புள்ளக்கி மேல எந்தப் புள்ள விழணும் ராத்தா?"

ஆயிஷா உம்மா தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்தார். சம்பந்தம் அதோடு நின்றது.

தட்டை உடைத்தபோது, விரல் தடிப்புக் கம்பிகள் ஈர்க்குப்போல மெலிந்து வந்தன. நஸ்ஹா ஒன்றை எடுத்து வளைத்தாள். கையிலேயே முறிந்தது.

"இதுக்கு மேலயாம்மா என்ன வெக்கப் பாத்தீங்க?"

அந்தக் கேள்வி, மணலை விசாரிக்காத நபீஸாவையும்தான் சுட்டது. ரிப்காதான் சொன்னாள், கீழ் வீட்டுக்கு நடுவே ஒரு சுவர் வைத்தால் இரண்டு பேருக்கும் போதும் என்று.

உப்பு மணலைக் கலந்த மேசன் இன்றைக்கும் ஊரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. மேல் வீடு எங்கே என்று நபீஸாவைத்தான் இன்னும் கேட்கிறார்கள்.

நடுச்சுவருக்கு, ஆற்று மணல் என்று சொல்லி முதல் லோட் வந்தது. கொட்டுவதற்கு முன் நபீஸா வண்டியை வாசலில் மறித்தார். ஒரு பிடி அள்ளிக் கிளாசுத் தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டு, அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்தார்.

"திருப்பிக் கொண்டு போங்க," என்றார்.