பாஞ்சாலையின் கை அறியாதது

உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் கையில் சின்னக் கீறல் விழுந்தாலும் உடனே தெரிந்துவிடும். உப்புத் தண்ணீர் பட்டதும் ‘ஸ்ஸ்’ என்று கையை உதறுவார்கள். என் அக்கா பாஞ்சாலையும் உதறுவாள். ஆனால் அவள் முதலில் ரத்தத்தைப் பார்ப்பாள், பிறகுதான் உதறுவாள். அந்தத் தாமதத்தை யாரும் கவனித்துவிடக் கூடாதே என்ற பயத்திலேயே அவளுடைய பாதி வாழ்க்கை போயிற்று.

அவள் காரியத்தன்று பந்தலில் உட்கார்ந்திருந்த வெளியூர் உறவுக்காரி ஒருத்தி, “நல்லவதான். ஆனா முரட்டுக் கை. பெத்த புள்ளையத் தொட்டாக்கூட அடிக்கிற மாதிரிதான் இருக்கும்” என்றாள். அவளோடு வந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். யாரிடமும் நான் மறுத்துப் பேசவில்லை. வீடு அடங்கிய பிறகு எழுதுகிறேன்.

மகள் அஸ்வினி பிறந்த வருடம்தான் அவள் கையின் கோளாறு தெரியவந்தது. அக்கா அடுப்பிலிருந்து உலைப்பானையைத் துணி பிடிக்காமல் வெறுங்கையால் இறக்கி வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்த மாமா வேல்முருகன்தான் அலறினார். அவள் கொப்புளங்களைப் பார்த்த பிறகுதான் அழுதாள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் தொழுநோய் என்றார்கள். ஒரு வருடம் மாத்திரை கொடுத்தார்கள். நோய் முழுவதும் போய்விட்டது, இனி யாருக்கும் ஒட்டாது, ஆனால் செத்துப்போன நரம்புக்கு உயிர் வராது என்றும் சொன்னார்கள். இரண்டு கைகளிலும் மணிக்கட்டுக்குக் கீழே அவளுக்கு எதுவும் தெரியாது. சூடு, குளிர், அழுத்தம், எதுவுமே.

அப்போது இது மாமாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு, இரும்பைச் சிவன் கோயிலுக்கு வேண்டுதல் என்று ஊரில் சொல்லி வைத்திருந்தாள். மாத்திரை நின்ற பிறகும் கையைக் காட்டிவரப் போக வேண்டியிருந்தது. வரும்போது கடையில் விபூதிப் பொட்டலம் வாங்கிவந்து தெருவுக்கே கொடுப்பாள்.

“அந்த சாமி உனக்கு இன்னாதான்டி குடுத்துட்டாரு, இப்பிடி ஓடுற?” என்பாள் மலர்கொடி. அடுத்த வீடு. அக்காவோடு ஒரே அளத்தில் உப்பு சுமக்கிறவள்.

“குடுத்தா சொல்றேன்க்கா.”

“குடுத்தா நீ எங்க சொல்லப்போற? அப்பிடியே அமுக்கிடுவ.”

நோயைவிட அக்காவைத் தின்றது வேறொன்று. அஸ்வினி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு மலர்கொடி வீட்டுக்கு ஓடிவிடுவாள். அம்மாவிடம் தலையைக் கொடுக்க மாட்டாள். சாலையைக் கடக்கும்போது அக்கா கையைப் பிடித்தால் உருவிக்கொள்வாள்.

“அதுக்குத் தெரிஞ்சிபோச்சு” என்றாள் அக்கா என்னிடம். “என் கையப் பாத்தா அருவருப்பா இருக்குது அதுக்கு. யாரையும் குத்தம் சொல்ல முடியாது.”

“சின்னப் புள்ளைக்கா அது. அதுக்கு இன்னா தெரியும்?”

“புள்ளைங்களுக்குத்தான் முதல்ல தெரியும்.”

அன்றிலிருந்து அவள் மகளுக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டுவதை நிறுத்தினாள். கரண்டியால் தட்டில் போட்டுவிட்டு, கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள்.

சுனாமி வந்து போன மறுவருடம் அது. பாத்திகளில் ஏறிய சேற்றை வாரிக் கொட்டிவிட்டு அளங்கள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன. ஆஸ்பத்திரிக்குப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் சிலர் ஒரு கருவியோடு வந்திருந்தார்கள். கலையரசன் என்ற பையன் அதை அக்காவின் வலது கையில் மாட்டினான். நானும் கூட இருந்தேன். விரல் நுனிகளிலும் உள்ளங்கையிலும் ஒட்டும் மெல்லிய ரப்பர் படலம், தோல் நிறத்தில். அதிலிருந்து நூல் போன்ற கம்பிகள் மணிக்கட்டு வழியாக ஏறி, மேல்கையில் கட்டிய பட்டையில் முடிந்தன. பட்டைக்குள் செல்போனில் அதிர்வதைப் போன்ற குட்டி மோட்டார்கள்.

“இது உங்களுக்கு இன்னொரு தோல் மாதிரிங்க” என்றான். “விரல் எதையாவது தொட்டா இங்க அதிரும். லேசா தொட்டா லேசா. அழுத்தினா பலமா. கொஞ்ச நாள் வச்சிருந்து எப்படி இருக்குன்னு சொல்லுங்க. உப்புத் தண்ணி மட்டும் வேணாங்க.”

அக்கா மேசை விளிம்பைத் தொட்டாள். பட்டை அதிர்ந்தது. மறுபடி தொட்டாள். தன் கன்னத்தைத் தொட்டாள். அந்தப் பையன் எதிரில் நின்றதால் சட்டென்று கையை இறக்கிவிட்டாள்.

சரி, உப்பில் போட மாட்டேன் என்று தலையாட்டியவள், மறுநாளே அதை அளத்துக்குப் போட்டுக்கொண்டு போனாள். எல்லாப் பெண்களையும் போல அவளும் புடவைக்கு மேல் மாமாவின் முழுக்கைச் சட்டை போடுவாள். அதற்குள் எல்லாம் மறைந்தது. விரல்களில் துணி சுற்றிக்கொண்டாள். கூடையின் ஓரம் குத்துவது தெரிந்தால் மற்றவர்களைப் போல உடனே உதறலாமே என்று நினைத்திருக்கிறாள். ஆனால் கூடையைத் தூக்கியதும் பட்டை ‘ர்ர்ர்’ என்று முனகியது.

“இன்னாடி அது, சட்டைக்குள்ள? செல்லா?” என்றாள் மலர்கொடி.

“ஆமாக்கா. அவரு வாங்கிக் குடுத்தாரு.”

“அடியேய்! உப்பு செமக்கிறவளுக்கு செல்லு! எடு, சும்மாதான கத்துது, எங்க அண்ணனுக்கு ஒரு போன் போட்டுத் தர்றியா?”

“சார்ஜ் இல்லக்கா.”

“சார்ஜ் இல்லாமத்தான் இந்தக் கத்து கத்துதா?”

அளமே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். சாயங்காலம் என்னிடம் இதைச் சொன்னபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. “ஒரு பொய்ய மறைக்க எத்தினி பொய்தான் சொல்றது” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். மலர்கொடி எங்கோ கல்யாணத்துக்குப் போய்விட்டாள். அஸ்வினி தலைவிரிகோலமாய் நின்றாள். நான் கூப்பிட்டும் வரவில்லை. அக்காவின் கையில் இருந்த கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அதிரும் என்று அக்கா சொன்னதும் ஆசை வந்து அம்மா முன்னால் உட்கார்ந்தாள்.

அக்கா முடியைக் கையில் எடுத்தாள். பட்டை அலறியது. மேசையைத் தொட்டபோதும் கூடையைத் தூக்கியபோதும் அப்படி அலறியதில்லை. அக்கா பயந்து கையை விட்டாள். மறுபடி பிடித்தாள், மறுபடியும் அதே அலறல்.

“அஸ்வினி… இவ்ளோ அழுத்தமாவா புடிக்கிறேன்?”

“எப்பவும் அப்படித்தாம்மா புடிப்ப.”

“வலிக்குமா?”

“ம்.”

“கையப் புடிச்சாலும்?”

குழந்தை சட்டைக்கையை மேலே இழுத்துக் காட்டினாள். முன் தினம் ரோட்டில் அக்கா இடது கையால் பிடித்த இடம் கன்றிப்போயிருந்தது.

“ஏன்டி என்கிட்ட சொல்லல?”

“நீ எப்பவும் எம்மேல கோவமா இருக்கன்னு நெனச்சேன். சொன்னா இன்னும் கோவம் வரும்.”

அக்கா எழுந்து பின்பக்கம் போய் நின்றாள். மகளுக்கு அருவருப்பு என்று அத்தனை காலமும் மனதுக்குள் குற்றம் சொல்லி வந்திருக்கிறாள். குழந்தையோ, அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நம்பி வளர்ந்திருக்கிறாள். நான் பக்கத்தில் போனபோது, “இத்தினி நாளா நசுக்கியிருக்கேன்” என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு சில நாட்கள் அவளே பின்னினாள். பட்டை பலமாக அதிர்ந்தால் தளர்த்துவாள், முனகும் அளவுக்கு வந்ததும் பின்னுவாள். ஒரு ஜடைக்கு அரைமணி நேரம் ஆகும். அஸ்வினி பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினாள். ஆனாலும் அடுத்த வீட்டுக்கு ஓடவில்லை.

பிறகு அந்தக் கருவி நின்றுபோனது. அளத்துத் தண்ணீர் துணி வழியாக ஊறிக் கம்பிகளைப் பச்சையாக அரித்திருந்தது. கலையரசன் கோபப்படவில்லை. “எங்ககிட்ட இது ஒண்ணுதான் இருந்துதுங்க. அடுத்தது செய்ய நாளாகும்” என்று பெட்டியில் வைத்து எடுத்துப் போனான். வீட்டில் மட்டும் போட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் உழைத்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை அஸ்வினி சீப்போடு வந்து வழக்கம்போல அவள் முன்னால் உட்கார்ந்தாள்.

“வலிச்சா சொல்லணும், தெரியுதா?”

“ம்.”

அக்கா பின்னத் தொடங்கினாள். “வலிக்குதா?”

“இல்லம்மா.”

“இப்ப?”

“இல்லம்மா.”

நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் முட்டி நின்றது. என் முகத்தைப் பார்த்து அக்கா குனிந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். சீப்பு கீழே விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு, “வா” என்று முன்னால் நடந்தாள். அஸ்வினியின் கையை அவள் பிடிக்கவில்லை.

மலர்கொடி வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இதுக்கு நீயே பின்னிவிடு. என் கைக்கு உணர்ச்சி கிடையாது. பெருவியாதி வந்து நல்லாயிடுச்சு. கை மட்டும் வரல. நான் புடிச்சா புள்ளைக்கு வலிக்குது.”

தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். மலர்கொடி சாம்பல் கையோடு அக்காவையே பார்த்தாள். பிறகு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, “உக்காரு பாப்பா” என்றாள்.

அக்கா சீப்பை நீட்டினாள். மலர்கொடி அதை வாங்கவில்லை. உள்ளே போய்த் தன் சீப்பை எடுத்துவந்து பின்னினாள்.

நீட்டிய சீப்போடு அக்கா கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு அதை இடுப்பில் செருகிக்கொண்டு, மகளின் ஜடை முடியும்வரை தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.