செயின் மை பட்ட சால்வை

ஜோஸ்பினுக்குச் சால்வையைக் கண்டாலே குமட்டும். கல்யாணமோ பள்ளி ஆண்டு விழாவோ, யார் யாருக்குப் போர்த்தினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். திமிர் பிடித்தவள் என்று செலியமேட்டில் சிலர் பேசுகிறார்கள். பேசட்டும். பட்டவளுக்குத்தானே தெரியும்.

அவளைப் பெற்றவர்கள் பாகூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனவர்கள். அந்த வீட்டுப் பெண் ஓடி ஓடியே மேலே வந்தாள். கோ-கோ ஆட்டத்தில் புதுச்சேரி அணிக்காக நான்கு முறை வெளிமாநிலம் போனவள். இரண்டு முழங்காலிலும் இன்னும் தழும்பு இருக்கிறது. கிராமப் பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் செலியமேட்டில் ஒரு பயிற்சி மையம் திறந்தபோது அவளைத்தான் பயிற்சியாளராகப் போட்டார்கள். மையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மைதானம், இரண்டு கம்பம், சாமான் வைக்க ஓர் அறை. சாயங்காலம் ஆளுக்கு இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால். அவ்வளவுதான். அதைப் பன்னிரண்டு வருஷம் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினாள்.

போன மார்ச் கடைசியில் விளையாட்டுத் துறையிலிருந்து ஓர் ஆள் வந்து அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். கிராம விளையாட்டுக்கு இந்த வருஷம் நிதி இல்லையாம். அதே வாரம் வில்லியனூர் சாலை நெடுக விளையாட்டு விழா என்று பேனர் கட்டியிருந்தார்கள். பேனரில் பந்து எலுமிச்சம்பழம் அளவு, தலைவர்கள் முகம் ஆள் உயரம். விழாவுக்கு நிதி உண்டு, பிள்ளைகள் முட்டைக்குக் கிடையாது. தூ!

மையத்தில் முப்பத்தொரு பெண்கள் ஆடினார்கள். அதில் இளவரசி மின்னலாக ஓடுவாள். ஜூனில் தேசியப் போட்டிக்கான தேர்வு இருந்தது. அவள் அப்பன் நேராகவே வந்து சொல்லிவிட்டான்.

"சென்டர் இல்லன்னா அது எதுக்கு மிஸ் தெருவுல சுத்தினு இருக்கணும்? துணிக்கடையில ஆள் கேக்கறாங்க. ஜூன்லேர்ந்து அனுப்பிடப் போறேன்."

ஜோஸ்பின் அன்றைக்கே ஒரு மனு எழுதினாள். பெண்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கக் கிளம்பினாள். செலியமேடு முடித்து, கரிக்கலாம்பாக்கம் போய், கரியமாணிக்கம் வரை போனார்கள். நாலு காணி கரும்பு வைத்திருந்த ஒரு பெரியவர், "பொட்டப்புள்ளைங்க டவுசர் போட்டுகினு ஓடறதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?" என்று எகிறினார்.

"உங்க பேத்தி அர்ச்சனாவும் அங்கதான் பெரியவரே ஓடினு இருந்துச்சி. பால் நல்லாருக்குன்னு ரெண்டாவது டம்ளர் கேக்கும்," என்றாள் ஜோஸ்பின். உள்ளிருந்து மருமகள் சிரித்துவிட்டாள். பெரியவர் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஆயிரத்து நானூறு கையெழுத்து சேர்ந்தது. மனுக்கட்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனாள். அவருடைய உதவியாளன் மணிபாரதி அவள் கையைத்தான் முதலில் பார்த்தான்.

"சால்வ எங்கம்மா?"

"மனுதாங்க கொண்டாந்திருக்கேன்."

"இன்னாம்மா நீ, சால்வ இல்லாம எப்பிடி போட்டோ எடுக்கறது? நாளைக்கு வா."

போட்டோ எதற்கு என்று கேட்கத்தான் வாய் வந்தது. கேட்டால் மையம் திறக்குமா? விழுங்கிக்கொண்டு திரும்பினாள். வில்லியனூரில் பச்சைக் கரை போட்ட ஒரு சால்வை வாங்கினாள். வரும் வழியில் அதன் நுனி மொபெட் செயினில் மாட்டிக்கொண்டது. வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்தும் மை போகவில்லை. நாலு விரல் அகலத்துக்கு அப்படியே நின்றது. கறை உள்ளே போகும்படி மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

போர்த்தினாள். படம் எடுத்தார்கள். எம்.எல்.ஏ. மனுக்கட்டை இடது கையால் வாங்கி, ஒரு வரிகூடப் பார்க்காமல், சால்வையோடு சேர்த்து மணிபாரதியிடம் நீட்டினார். "பாத்துக்கலாம்மா," என்றார். அறை மூலையில் சால்வைகள் இடுப்பு உயரத்துக்குக் கிடந்தன.

இரண்டு வாரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மணிபாரதி போன் செய்தான். விளையாட்டு விழா மேடையில் அவளுக்கு மரியாதை செய்யப்போகிறார்களாம். பெண்கள் குதித்தார்கள். "மிஸ், மனுவ படிச்சிட்டாங்க போலருக்குது!" என்று இளவரசி கத்தினாள். ஜோஸ்பினும் நம்பினாள். இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு போனாள், பைத்தியக்காரி.

மேடையில் எம்.எல்.ஏ. மைக்கைப் பிடித்து, "செலியமேடு மையம் மூடப்படாது! நான் இருக்கிறவரை மூட விடமாட்டேன்!" என்று முழங்கினார். மூடி ஒரு மாசம் ஆகிவிட்ட மையம் அது. அது அவருக்குத் தெரிந்திருந்தால்தானே! அப்புறம் ஜோஸ்பினைக் கூப்பிட்டு ஒரு சால்வையைப் போர்த்தினார். குனிந்து பார்த்தாள். பச்சைக் கரை. நெஞ்சுக்கு நேரே செயின் மை.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. எச்சில் இலையைத் தலையில் கவிழ்த்த மாதிரி இருந்தது. உருவி எடுத்து அதை அவர் தோளிலேயே திரும்பப் போட்டாள்.

"இது நான் குடுத்த சால்வ சார். சால்வ திரும்பி வந்துட்டுது, மனு எங்க?"

மைக் எட்டத்தில் இருந்தது. நாதஸ்வரக்காரர்கள் ஊதத் தொடங்கிவிட்டார்கள். கீழே எல்லோரும் கைதட்டினார்கள். கேமரா நாலு தடவை மின்னியது. எம்.எல்.ஏ. அவளைப் பார்த்துக் கும்பிட்டுச் சிரித்தார்.

மறுநாள் பேப்பரில் அந்தப் படம்தான் வந்தது. செலியமேடு விளையாட்டு மையம் தொடர்ந்து இயங்க நடவடிக்கை எடுத்த எம்.எல்.ஏ.வுக்குப் பயிற்சியாளர் ஜோஸ்பின் பொன்னாடை அணிவித்து நன்றி தெரிவித்தார் என்று கீழே போட்டிருந்தது. அவள் புருஷன் ஜெயசீலன் சத்தமாகப் படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் வாசலுக்குப் போய்க் காறித் துப்பினாள். வாய் கொப்பளித்தாள். அந்தப் பேப்பரை மடித்துக்கொண்டு நேரே துறை அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே அதிகாரி சுப்புராயன், "உத்தரவு ஒண்ணும் வரலியேம்மா," என்றார்.

"பேப்பர்ல வந்திருக்குதே சார். சாவியக் குடுங்க."

"அதெப்பிடிம்மா குடுக்க முடியும்?"

"அப்ப எம்.எல்.ஏ. பொய் சொல்றாருன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போயிடறேன்."

சுப்புராயனுக்கு வியர்த்துவிட்டது. மணிபாரதிக்குப் போன் போட்டார். பேப்பருக்குச் செய்தி அனுப்பியவனே அவன்தான். இல்லை என்று எந்த வாயால் சொல்வான்? அரை மணி நேரம் அங்கேயும் இங்கேயும் பேசினார்கள். கடைசியில் மேசை இழுப்பறையிலிருந்து சாவி வந்தது. பத்து நாளில் ஒரு வருஷ நீட்டிப்பு உத்தரவும் வந்தது.

ஆயிரத்து நானூறு பேர் எழுதிய உண்மை நகர்த்தாததை ஒரு பொய்ப் படம் நகர்த்திவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதான். அவளுக்கு வாந்திதான் வந்தது. ஆனாலும் சாவி கிடைத்த அன்று சாயங்காலமே அறையைத் திறந்து, கோடு போட்டு, முட்டை அவித்தாள். இளவரசி அப்பனோடு சண்டை போட்டுவிட்டு முதல் ஆளாக ஓடிவந்தாள்.

முட்டையை உரித்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப நம்ம மனுவ படிச்சிட்டாங்களா மிஸ்?"

"இல்லடி," என்றாள் ஜோஸ்பின். "ஒருத்தனும் படிக்கல. தின்னுட்டுப் போய் ஓடு."